நன்னீர் மீன் விந்தணுக்களின் உறைநிலைப் பாதுகாப்பு: மதுரை ஆய்வுகளும் முர்ரே ஆற்று அனுபவமும்

மெரிலேண்ட்ஸ், நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா

முன்னுரை

கயல், கெண்டை, வாளை, வரால், அயிரை, ஆரல் எனப் பல நன்னீர் மீன்கள் சங்கப் பாடல்களில் பெயர் சுட்டப் பெறுகின்றன. அப்பெயர்களை நூல்கள் நமக்குக் காத்துத் தந்துள்ளன. பெயருக்குரிய உயிர்களைக் காப்பதோ வேறு வகைப் பணி. அணைகள் நீரோட்டத்தைத் தடுத்தமை, ஆற்று மணல் அகழப்பட்டமை, கழிவுநீர் கலந்தமை, அயல் மீன்கள் விடப்பட்டமை ஆகிய காரணங்களால் உலகெங்கும் நன்னீர் மீனினங்கள் குன்றி வருகின்றன. இந்நிலையில் மீன்களின் விந்தணுக்களைக் கடுங்குளிரில் உறையவைத்துப் பல ஆண்டுகள் பாதுகாக்கும் முறை, இனக்காப்புக்குரிய கருவிகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. இம்முறையின் உயிர்நாடியாக விளங்குவன உறைகாப்புப் பொருள்கள்.

அப்பொருள்கள் எவ்வாறு செயற்படுகின்றன, உறைந்த விந்தைக் கொண்டு ஓர் இனத்தை எந்த அளவிற்கு மீட்க முடியும், இத்துறையைத் தமிழில் எச்சொற்களால் எடுத்துரைக்கலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது. உறைவிந்து ஓர் இனத்தின் தந்தைவழிப் பாதியை மட்டுமே காக்கிறது என்பதும், மறுபாதியை ஆற்றில்தான் காக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்துகள். இக்கருத்தைத் தெளிவுபடுத்த மதுரையில் நிகழ்ந்த ஆய்வுகளும் ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்று அனுபவமும் பெரிதும் துணைபுரிகின்றன.

1. நன்னீர் மீன் விந்தணுவின் இயல்பு

பாலூட்டிகளின் விந்தணுவிலிருந்து நன்னீர் மீனின் விந்தணு சில அடிப்படைகளில் வேறுபடுகிறது. ஆண் மீனின் உடலுக்குள் அது அசைவற்றுக் கிடக்கும். அதனைச் சூழ்ந்துள்ள விந்துநீரின் உப்பு அடர்த்தி ஆற்றுநீரின் அடர்த்தியைவிடப் பன்மடங்கு மிகுதி. மீன் விந்தைச் சொரிந்ததும் இந்த அடர்த்தி சடுதியில் குறைகிறது. அந்தக் குறைவே கெண்டைக் குடும்பத்து மீன்களில் விந்தணு நீந்தத் தொடங்குவதற்கான தூண்டுதல் ஆகும். திரௌட்டு, சால்மன் முதலிய மீன்களில் விந்துநீரின் பொட்டாசியம் அசைவை அடக்கி வைக்கிறது; நீர் கலந்து பொட்டாசியத்தின் செறிவு குறைந்ததும் அசைவு பிறக்கிறது.

இந்த நீச்சல் நெடுநேரம் நீடிப்பதில்லை. கெண்டையின் விந்தணு ஏறத்தாழ ஒரு நிமிடமே வீரியத்துடன் நீந்தும். அதற்குள் முட்டையின் சுவரிலுள்ள ஒரே நுண்துளையை அது கண்டடைந்தாக வேண்டும். பிந்தினால் விந்தணுவின் ஆற்றலும் தீர்ந்துவிடும். நீரை உறிஞ்சிப் பருத்த முட்டையின் நுண்துளையும் அடைபட்டுவிடும். முட்டைச் சுவரைக் கரைத்து நுழைவதற்கான முனைத்தொப்பி எலும்பு மீன்களின் விந்தணுக்களில் பொதுவாகக் காணப்படுவதில்லை. நுண்துளை இருப்பதால் அதற்குத் தேவையும் எழுவதில்லை.

இவ்வியல்புகள் உறையவைப்பவருக்கு இரண்டு கட்டளைகளை இடுகின்றன. முதலாவது, விந்தைச் சேகரிக்கும்போது ஒரு துளி நீரோ சிறுநீரோ கலந்துவிடக் கூடாது. கலந்தால் விந்தணுக்கள் அப்போதே நீந்தத் தொடங்கித் தம் ஆற்றலை வீணாக்கிவிடும். இரண்டாவது, உருக்கிய விந்தைக் காலந்தாழ்த்தாமல் முட்டைகளோடு சேர்க்க வேண்டும்.

2. உறைதலின் இடர்கள்

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. உயிரணுவுக்குள் கூரிய பனிப்படிகங்கள் தோன்றினால் சவ்வுகளும் உள்ளுறுப்புகளும் சிதைவுறுகின்றன. உறைதலின் கேடு இவ்வளவே என்று எண்ணினால் அது பாதி உண்மையே ஆகும்.

உயிரணுக்களைக் கொண்ட கரைசலைக் குளிர்விக்கும்போது பனி முதலில் உயிரணுக்களுக்கு வெளியேதான் தோன்றுகிறது. பனிப்படிகம் தூய நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை ஒதுக்கிவிடுகிறது. இதனால் எஞ்சிய நீர்மம் மேலும் மேலும் உப்பேறுகிறது. தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் வெயில் நீரைக் கவர்ந்து உப்பை விட்டுச்செல்வதைப் போன்றதொரு நிகழ்வு இங்குக் குளிரால் நடைபெறுகிறது. வெளியே உப்பு மிகுந்ததும் சவ்வூடு பரவலால் உயிரணுவிலிருந்து நீர் வெளியேறி, உயிரணு சுருங்குகிறது.

மிக மெல்லக் குளிர்வித்தால் உயிரணு நெடுநேரம் அடர்ந்த உப்புக் கரைசலில் கிடந்து வாடி மடியும். மிக விரைந்து குளிர்வித்தாலோ நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனியாக உறையும். இவ்விரு கேடுகளுக்கும் இடைப்பட்ட குளிர்விப்பு வேகமே உயிரணுவைக் காக்கும். அமெரிக்க அறிஞர் பீட்டர் மேசரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1972ஆம் ஆண்டு முன்வைத்த இருகாரணிக் கருதுகோள் இதனையே விளக்குகிறது. தக்க வேகம் எது என்பது உயிரணுவின் அளவையும் அதன் சவ்வு நீரை வெளிவிடும் திறனையும் பொறுத்தது. ஓரினத்துக்குப் பொருந்தும் முறை மற்றோரினத்துக்குப் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

திரவ நைட்ரஜனின் வெப்பநிலை −196 பாகை செல்சியஸ். அந்த நிலையை எய்திய உயிரணுவுக்கு அங்கே பெருங்கேடு எதுவும் நேர்வதில்லை. ஏறத்தாழ −130 பாகைக்குக் கீழே நீரின் மூலக்கூறுகள் கண்ணாடி போன்று இறுகிவிடுவதால் வேதிவினைகள் நடைபெற இடமில்லை. உயிரணு மூப்படைவதும் இல்லை. ஆபத்தெல்லாம் வழியில்தான் உள்ளது. சுழியத்துக்குச் சற்றுக் கீழிருந்து −60 பாகை வரையிலான இடர்மிக்க பகுதியை உயிரணு இருமுறை கடந்தாக வேண்டும்: உறையும்போது ஒருமுறை, உருகும்போது மறுமுறை.

3. உறைகாப்புப் பொருள்கள்

அந்த வழியைக் கடக்க உதவும் துணைப்பொருள் 1949ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இலண்டனில் உள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கிறிஸ்டோபர் போல்ச், ஆட்ரி சுமித், ஆலன் பார்க்ஸ் ஆகியோர் சேவலின் விந்தை உறையவைக்க முயன்றுகொண்டிருந்தனர். சர்க்கரைக் கரைசல் என்று கருதிப் பயன்படுத்திய ஒரு புட்டியில் உண்மையில் கிளிசரால் இருந்தது. அதில் உறையவைத்த விந்தணுக்கள் உருக்கிய பின்னரும் அசைந்தன. பெயர்ச்சீட்டு மாறியதால் நேர்ந்த இந்த நற்பேறு, சில ஆண்டுகளுக்குள் மாட்டினப் பெருக்கத்தின் போக்கையே மாற்றியது. மீன்துறையும் பின்தங்கவில்லை. 1953ஆம் ஆண்டிலேயே பிளாக்ஸ்டர் என்பவர் வெவ்வேறு பருவங்களில் சினையிடும் இருவகை ஹெர்ரிங் மீன்களை உறைவிந்தின் துணையால் கலந்து கருவுறச் செய்தார். 1959ஆம் ஆண்டு லவ்லாக், பிஷப் ஆகிய இருவரும் டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் மற்றோர் உறைகாப்புப் பொருளை அறிமுகப்படுத்தினர்.

இப்பொருள்கள் இருவகைப்படும். சவ்வை ஊடுருவி உள்ளே செல்வன முதல்வகை. கிளிசரால், டைமெத்தில் சல்பாக்சைடு, மெத்தனால், எத்திலீன் கிளைக்கால் ஆகியன இதில் அடங்கும். இவை நீரோடு எளிதில் கலந்து பிணைந்து, உறையும் நீரின் அளவைக் குறைக்கின்றன. எஞ்சிய நீர்மத்தில் உப்பு அளவுக்கு மீறி அடர்வதையும் தடுக்கின்றன. சவ்வுக்கு வெளியிலேயே நின்று காப்பன இரண்டாம் வகை. சுக்ரோஸ், டிரிகலோஸ் முதலிய சர்க்கரைகளும் முட்டை மஞ்சட்கருவும் இவ்வகையின. இவை உயிரணுவிலிருந்து நீர் அளவோடு வெளியேற உதவுவதுடன் சவ்வையும் உறுதிப்படுத்துகின்றன.

காக்கும் இப்பொருள்களே அளவு மிஞ்சினால் நஞ்சாகின்றன. அளவும் நேரமும் வெப்பநிலையும் மருந்துக்குரிய கண்டிப்போடு வரையறுக்கப்பட வேண்டும். காளையின் விந்துக்கு ஏற்ற கிளிசரால் பல நன்னீர் மீன்களின் விந்துக்கு நற்பயன் தருவதில்லை. அவற்றுக்கு டைமெத்தில் சல்பாக்சைடும் மெத்தனாலும் பெரும்பாலும் ஏற்புடையன. சிறிய மூலக்கூறான மெத்தனால் விரைவில் உட்புகும். விரைவில் வெளியேறவும் செய்யும். எனவே உயிரணு அதன் நச்சுக்கு ஆட்படும் நேரம் குறைகிறது.

4. செய்முறை

சினைப்பருவத்து ஆண் மீனின் வயிற்றையும் கழிவுத்துளையையும் உலரத் துடைத்து, வயிற்றை மென்மையாக அழுத்தி விந்து எடுக்கப்படுகிறது. சிறு துளியை நீரோடு கலந்து நுண்ணோக்கியில் கண்டு, அசையும் விந்தணுக்களின் விழுக்காடு கணிக்கப்படுகிறது. தரமான விந்து மட்டுமே அடுத்த கட்டத்துக்குச் செல்லும். உருக்கும்போது தரம் குறையுமேயன்றி உயராது.

அடுத்து, விந்துநீருக்கு ஒத்த அடர்த்தியுடைய உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலான நீர்ப்புக் கரைசலில் விந்து கலக்கப்படுகிறது. அக்கரைசல் விந்தணுவை உயிரோடு வைக்க வேண்டும். ஆனால் நீந்தத் தூண்டக் கூடாது. இதனோடு உறைகாப்புப் பொருள் சேர்க்கப்படுகிறது. நன்னீர் மீன்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 15 விழுக்காடு வரையிலான செறிவு கையாளப்படுகிறது. பனிக்கட்டியின்மேல் வைத்துக் குளிர்ந்த நிலையிலேயே இக்கலவை 0.25 அல்லது 0.5 மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குச்சிகளில் நிரப்பப்படுகிறது. திரவ நைட்ரஜனின் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் உயரத்தில், அதன் ஆவியில் குச்சிகள் சில நிமிடங்கள் கிடத்தப்படுகின்றன. நீர்மத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதே குளிர்விப்பு வேகத்தைத் தீர்மானிக்கிறது. பின்னர்க் குச்சிகள் நேரே திரவ நைட்ரஜனில் அமிழ்த்தப்படுகின்றன.

பயன்படுத்தும் நாளில் குச்சியை ஏறத்தாழ 40 பாகை வெதுநீரில் சில நொடிகள் வைத்து உருக்குகின்றனர். மெல்ல உருக்கினால் நுண்ணிய பனிப்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். எனவே விரைவு இன்றியமையாதது. உருகிய விந்தை உலர்ந்த முட்டைகளின்மேல் ஊற்றிக் கலந்து, அதன் பின்னரே நீர் சேர்க்கப்படுகிறது. அந்த நீரே விந்தணுவை நீந்த வைக்கிறது.

ஒவ்வொரு குச்சியிலும் இனம், ஆறு, ஆண் மீனின் எண், நாள் ஆகியவை பொறிக்கப்பட வேண்டும். பெயர்ச்சீட்டு மாறியதால் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது உண்மை. ஆயினும் விந்து வங்கியில் பெயர்ச்சீட்டு மாறினால் ஓர் ஆற்றின் மரபு மற்றோர் ஆற்றில் கலந்து இரண்டும் குலையும்.

5. முர்ரே ஆறும் காவிரியும்

ஆஸ்திரேலிய நன்னீர் மீன்களுள் மிகப் பெரியது முர்ரே காட். நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமும் எய்தவல்லது. தென் ஆஸ்திரேலியாவின் நரிஞ்செரி முதுகுடியினரின் தொன்மக்கதையில், நுருண்டெரி என்னும் முன்னோன் துரத்திய பொண்டே என்னும் மாமீன் வாலால் அடித்துச் சென்ற தடமே முர்ரே ஆறு. நம் நாட்டு விராலைப் போலவே இதுவும் தன் சந்ததியைக் காவல் காக்கும். நீரில் மூழ்கிய மரப்பொந்துகளில் இடப்பட்ட முட்டைகளை ஆண் மீன் காத்து நிற்கும். இன்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் இது இடருக்குள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நரண்டேரா மீன்வள மையம் இதனையும் இதன் நெருங்கிய உறவான திரௌட் காட் மீனையும் செயற்கையாகப் பெருக்கி வருகிறது. மெல்பேர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தினரும் விக்டோரியா மாநில மீன்வள ஆய்வாளர்களும் இணைந்து, முர்ரே காட் விந்தை உறைநிலையில் பாதுகாக்கும் முறையை 2008ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

இம்முயற்சியின் தேவையைப் பின்னர் நிகழ்ந்தவை உணர்த்தின. 2018 டிசம்பர், 2019 சனவரி மாதங்களில் டார்லிங் ஆற்றின் மெனின்டீ பகுதியில் அடுத்தடுத்து மீன்கள் பெருந்திரளாக மடிந்தன. பல பத்தாண்டுகள் வாழ்ந்த முர்ரே காட் மீன்களும் அவற்றுள் அடங்கும். 2023 மார்ச் மாதம் அதே இடத்தில் மீண்டும் பல மில்லியன் மீன்கள் செத்து மிதந்தன. நீரில் உயிர்வளி அற்றுப்போனதே இவ்விரு நிகழ்வுகளிலும் உடனடிக் காரணம். முன்கூட்டியே சேமித்த விந்து இருப்பின், மடிந்த தலைமுறையின் மரபு வேறுபாடுகளில் ஒரு பகுதியேனும் மீளும். உயிர்வளி அற்ற ஆற்றை எந்த உறைகாப்புப் பொருளும் மீட்காது.

சிட்னியைப் பொறுத்தவரை உறைநிலை வங்கி புதிய செய்தியன்று. டரோங்கா விலங்குக்காப்பு நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் பவள உயிரிகளின் விந்தணுக்களை உறையவைத்துச் சேமிக்கும் பணியில் பங்கேற்று வருகிறது. மெரிலேண்ட்ஸ் முதலான மேற்குச் சிட்னிப் பகுதிகளிலிருந்து அண்மையிலேயே உள்ள ஹாக்ஸ்பெரி–நேப்பியன் ஆற்றமைப்பில், அழிவின் விளிம்பிலுள்ளதாக அறிவிக்கப்பட்ட மெக்குவாரி பெர்ச் வாழ்கிறது. கடற்பவளத்துக்கு உருவான வங்கி ஆற்று மீனுக்கும் விரிவடைவது இயல்பான அடுத்த படியாகும்.

இந்தியாவில் இத்துறையின் முதன்மை நிறுவனம் 1983ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டு, இலக்னோவில் இயங்கும் தேசிய மீன் மரபுவளப் பணியகம் ஆகும். கட்லா, ரோகு முதலிய பெருங்கெண்டைகள் உட்படப் பல மீன்களின் விந்தை உறையவைக்கும் முறைகளை இது வகுத்துள்ளது. கேரளத்தின் குமரகத்திலுள்ள மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்துடன் இணைந்து, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய மஞ்சக்கூரிக் கெளுத்திக்கும் அத்தகைய முறையை உருவாக்கியது. மங்களூர் மீன்வளக் கல்லூரியினர் அருகிவரும் இனமாக அப்போது கருதப்பட்ட தக்காண மகசீரின் விந்தை உறையவைத்த ஆய்வு 2004ஆம் ஆண்டு வெளிவந்தது.

இங்கே காவிரியின் மகசீரைக் குறித்துச் சிறிது விரிவாகக் கூற வேண்டியுள்ளது. திமில் போன்று உயர்ந்த முதுகையுடைய காவிரி மகசீர், தூண்டில்காரர்களிடையே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உலகப் புகழ்பெற்றது. ஆயினும் டோர் ரெமாதேவி என்னும் அறிவியற் பெயர் அதற்குரியதென 2018ஆம் ஆண்டில்தான் நிறுவப்பட்டது. அதற்குள், வேற்றாற்றுக்குரிய தக்காண மகசீரின் குஞ்சுகள் பல ஆண்டுகளாகக் காவிரியில் விடப்பட்டு, அவற்றின் வழித்தோன்றல்களே எங்கும் மிகுந்துவிட்டன. காவிரிக்கே உரிய இனமோ மோயாறு முதலிய சில பகுதிகளுக்குள் சுருங்கி, மிக அருகிய இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. ‘மகசீர்’ என்னும் ஒரே பொதுப்பெயரின் நிழலில் இரண்டு இனங்கள் ஒன்றெனக் கருதப்பட்டதன் விளைவு இது. எந்த இனம் என்று அறியாமல் விந்தைச் சேமித்தாலும் இதே பிழை உறைந்த வடிவில் தொடரும்.

6. பாதி மரபின் சிக்கல்

விந்தை உறையவைக்க முடிகிறது எனில் முட்டையையும் கருவையும் ஏன் உறையவைப்பதில்லை என்னும் வினா எழுதல் இயல்பு. மீன் விந்தணுவின் தலை சில மைக்ரோமீட்டர் அளவினது. முட்டையோ கண்ணால் காணத்தக்கது. அதன் பருமனும் கொழுப்பு நிறைந்த மஞ்சட்கருவும் பல அடுக்குச் சவ்வுகளும் உறைகாப்புப் பொருள் உட்புகத் தடையாகின்றன. உட்புகுந்தாலும் வெளியேறுவது அரிது. 2017ஆம் ஆண்டு, வரிக்குதிரை மீனின் கருக்களுக்குள் நுண்ணிய பொற்கோல்களைச் செலுத்தி, சீரொளிக் கதிரால் நொடியினும் குறைந்த நேரத்தில் உருக்கும் முறை வெளியிடப்பட்டது. ஏறத்தாழ பத்தில் ஒரு கரு ஒரு நாள்வரை பிழைத்தது. அரிய சாதனை இது. பொரிப்பகப் பயன்பாட்டுக்கு இன்னும் தொலைவு உண்டு.

ஆகவே இன்றைய மீன் மரபு வங்கிகளில் பெரும்பாலும் தந்தையரின் மரபே உள்ளது. பெண் மீன்கள் ஆற்றில் எஞ்சியிருக்கும்வரை இதில் குறையில்லை. சொல்லப்போனால் பெரும்பயன் உண்டு. பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆண் மீன்களின் மரபை இன்றைய பெண் மீன்களோடு சேர்த்து, பொரிப்பகங்களில் நேரும் உறவுக்கலப்பைத் தவிர்க்கலாம். சினைப்பருவம் ஒத்துவராத ஆணையும் பெண்ணையும் இணைக்கலாம். பெரிய மீன்களை நெடுந்தொலைவு ஏற்றிச் செல்வதற்குப் பதில் சில குச்சிகளை அனுப்பினால் போதும்.

பெண் மீன்கள் முற்றும் அழிந்துவிட்டால் நிலைமை வேறு. நெருங்கிய உறவுடைய வேற்றினப் பெண்ணோடு உறைவிந்தைச் சேர்த்தால், பிறக்கும் கலப்பினத்தில் இழந்த இனத்தின் பங்கு பாதி. கலப்பினப் பெண்ணோடு மீண்டும் அதே விந்தைச் சேர்த்தால் முக்கால்; அடுத்து எட்டில் ஏழு; ஐந்தாம் தலைமுறையில் 32இல் 31 பங்கு. கலப்பினங்கள் மலடாகாமல் இருந்தால் மட்டுமே இக்கணக்கு நிறைவேறும். அப்போதும் உயிரணுவின் ஆற்றல் உலையான இழைமணி தாய்வழியே வருவதால், அது என்றும் வேற்றினத்துக்குரியதாகவே நிற்கும்.

7. மதுரை ஆய்வுகள் காட்டிய வழி

இச்சிக்கலுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தா. ஜே. பாண்டியன் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு தீர்வை முன்வைத்தது. 2002ஆம் ஆண்டு கோட்டீஸ்வரனும் பாண்டியனும் வெளியிட்ட ஆய்வு, இறந்தபின் −20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைக்கப்பட்ட தேளிக்கெளுத்தி மீன்களிலிருந்து உயிருள்ள விந்தணுக்களைப் பெற முடியும் என்று காட்டியது. திரவ நைட்ரஜன் இல்லாத இடத்திலும் இறந்த மீன் உடனே பயனற்றுப் போவதில்லை என்பது இதன் உட்பொருள்.

2004ஆம் ஆண்டு கிரண்குமாரும் பாண்டியனும் அதனினும் ஒரு படி மேலே சென்றனர். ரோசி பார்ப் எனப்படும் வண்ணக் கெண்டையின் இறந்த உடலிலிருந்து பெற்ற விந்தணுக்களை, டைகர் பார்ப் எனப்படும் வேறொரு கெண்டையின் முட்டைகளோடு சேர்த்தனர். அம்முட்டைகளின் உட்கரு மரபு புறஊதாக் கதிரால் முன்னரே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. எனவே கருவில் எஞ்சியது தந்தையின் மரபு மட்டுமே. அதுவோ ஒற்றைத் தொகுதி. ஒற்றைத் தொகுதியுடைய கரு நெடிது வாழாது. முதற்பிளவு நிகழும் தருணத்தில் வெப்ப அதிர்ச்சி அளித்தால் கரு பிளவுபடாது, ஆனால் குரோமோசோம்கள் இரட்டிக்கும். இவ்வாறு வேற்றினத் தாயின் முட்டையிலிருந்து ரோசி பார்ப் மீண்டும் பிறந்தது. இம்முறையைத் தந்தைமரபு உருவாக்கம் எனலாம்.

இதன் சிறப்பு பாலினக் கணக்கில் உள்ளது. ஆணே பாலைத் தீர்மானிக்கும் இனங்களில் விந்தணுக்கள் இருவகைப்படும்: பெண்பாற் குரோமோசோம் கொண்டவை, ஆண்பாற் குரோமோசோம் கொண்டவை. முன்னது இரட்டித்தால் பெண் மீன் பிறக்கும்; பின்னது இரட்டித்தால் ஆண் மீன் பிறக்கும். ஆகவே ஆண் மீனின் விந்தைக்கொண்டே ஓரினத்தின் இருபாலாரையும் மீட்டுருவாக்கக் கொள்கையளவில் வழியுண்டு. கயலைக் கொடியிற் பொறித்த பாண்டியரின் தலைநகரில், கயலின் குடும்பத்து மீன் ஒன்றைக் கொண்டே இவ்வழி காணப்பட்டது என்பது தமிழர் நினைவிற்கொள்ளத் தக்கது.

எனினும் எல்லைகளையும் உரைத்தல் வேண்டும். கதிர்வீச்சையும் வெப்ப அதிர்ச்சியையும் தாங்கிப் பிழைக்கும் கருக்கள் சிலவே. ஒரே தொகுதி இரட்டிப்பதால் ஒவ்வொரு மரபணுவும் ஒத்த இணையாக அமைந்து, மறைந்திருந்த குறைகள் வெளிப்படும். இழைமணி இம்முறையிலும் வேற்றினத்துக்குரியதே. −20 பாகையில் வேதிவினைகள் முற்றும் நிற்பதில்லை என்பதால், அது நெடுங்காலச் சேமிப்புக்கும் உரியதன்று. இவை அனைத்திற்கும் மேலாக, முட்டை தர உறவினமொன்று உயிரோடு இருந்தாக வேண்டும்.

ஜப்பானில் கோரோ யோஷிசாகி குழுவினர் வேறொரு வழியில் சென்றுள்ளனர். உறையவைத்த முழு விதைப்பையிலிருந்து எடுத்த மூல உயிரணுக்களை, மலடாக்கப்பட்ட மற்றொரு சால்மன் இனத்தின் குஞ்சுகளுக்குள் செலுத்தினர். அக்குஞ்சுகள் வளர்ந்து வானவில் திரௌட்டின் விந்தையும் முட்டையையும் தந்தன. 2013ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வில் பெறப்பட்ட முட்டையும் மூல உயிரணுவிலிருந்தே உருவானது. மதுரை முறை முட்டையைக் கடன் வாங்குகிறது. ஜப்பானிய முறை தாயின் உடலையே கடன் வாங்குகிறது. இரண்டிலும் கடன் கொடுக்க ஓர் உயிர் வேண்டும். அவ்வுயிர் வாழ ஓர் ஆறு வேண்டும்.

8. கலைச்சொற்கள்

இத்துறைக்குத் தமிழ்ச்சொற்களை முற்றிலும் புதிதாகப் படைக்க வேண்டிய தேவையில்லை. தமிழ்நாட்டுக் கால்நடைத் துறை ‘உறைவிந்து’, ‘உறைவிந்துக் குச்சி’ ஆகிய சொற்களை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உதகையிலும் தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டையிலும் உள்ள நிலையங்களிலிருந்து செல்லும் குச்சிகளைப் பற்றிச் சிற்றூர் உழவரும் அறிவர்; ‘சினை ஊசி’ என்பது அவர்தம் வழக்கு. மாட்டுக்கு வழங்கும் இச்சொற்களை மீனுக்கும் அப்படியே கொள்ளலாம்.

கருத வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘உறையெதிர்ப்பி’ என்பதும் ‘உறைகாப்புப் பொருள்’ என்பதும் ஒன்றல்ல. உறைதலையே தடுப்பது உறையெதிர்ப்பி. தென்துருவக் கடல் மீன்களின் குருதியிலுள்ள புரதங்கள் அத்தகையவை. உறைகாப்புப் பொருளோ உறைதலைத் தடுக்க வந்ததன்று; உறைதலினூடே உயிரணுவைக் காப்பது. இவ்வேறுபாட்டைச் சொல்லிலேயே பேணினால் மாணவர் மயங்கார். தமிழக வழக்கின் நைட்ரஜனும் இலங்கை வழக்கின் நைதரசனும் ஒன்றே என்பதை இருநாட்டுப் பாடநூல்களும் அகராதிகளும் குறித்தல் நலம். நியூ சவுத் வேல்ஸ் உயர்நிலைப் பள்ளித் தேர்வில் தமிழ் ஒரு பாடமாக உள்ளது. அதனைக் கற்கும் மேற்குச் சிட்னி மாணவர்களுள் இரு வழக்கினரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். உயிரியலை ஆங்கிலத்தில் பயிலும் அவர்கள் தாம் கற்றதை வீட்டில் எடுத்துரைக்க இச்சொற்கள் உதவும்.

முடிவுரை

உறைகாப்புப் பொருள்கள் உயிரணுவைப் பனியின் கேட்டிலிருந்தும் உப்பின் கேட்டிலிருந்தும் காக்கின்றன. அவற்றின் துணையால் நன்னீர் மீன்களின் தந்தைவழி மரபைக் காலவரையின்றிச் சேமிக்க இயல்கிறது. மதுரை ஆய்வுகள் அப்பாதியிலிருந்து முழு மீனை மீட்கவும் வழியுண்டு என்று காட்டின. அவ்வழிக்கும் உயிருள்ள உறவினம் தேவை என்பதையும் உணர்த்தின. இவற்றிலிருந்து மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, விந்துச் சேமிப்பு ஓரினம் அருகிய பின்னர்த் தொடங்கப்படுவதாக இருத்தல் கூடாது. ஆண் மீன்கள் பலவாக உள்ளபோதே, பல ஆண்டுகளில், பல இடங்களிலிருந்து சேகரித்தால்தான் வங்கியில் மரபு வேறுபாடு நிலைக்கும். இரண்டாவது, ஒவ்வோர் ஆற்றுக்கும் உரிய இனத்தைத் துல்லியமாக அடையாளம் கண்டு பெயரிடுதல் சேமிப்புக்கு முற்பட்ட பணியாகும். காவிரி மகசீருக்கு இவ்விரண்டையும் செய்வதற்கான காலம் மிகச் சுருங்கியுள்ளது. மூன்றாவது, விந்து வங்கிக்கு ஒதுக்கும் நிதி ஆற்றுக்குரிய நிதியைக் குறைப்பதாக அமையலாகாது. குச்சியில் உறங்கும் விந்தணுவை எழுப்புவது இறுதியில் ஆற்றின் நீரே. அந்த நீர் உயிர் தாங்கும் தன்மையோடு ஓடினால்தான் சேமிப்பு பயன் தரும்.